பதினோராவது மணி

சூட்டிம்மா, நீ கோர்த்த செபமாலையின் நூல் நைந்துவிட்டது. இன்றைக்கு மாத்தளை டவுனில் மணிக்கூடு, கைக்கடிகாரம் திருத்துகிற முஸ்லிம் நானாவிடம் புது நூல் போடக் கொடுத்தேன்.

அவர் மணிகளைத் துணியில் வைத்து எண்ணிவிட்டு நிமிர்ந்தார்.

"தங்கச்சி, எல்லாம் பத்துப் பத்தா வருது. இந்தக் கடைசியில மட்டும் பதினொன்னு. ஒன்னைக் கழட்டிறவா?"

"ஐயோ, வேணாம் நானா! அது எம் மக கோர்த்தது."

"எங்க தஸ்பீஹு மாலையில ஒன்னு கூடினா எனக்குக் கணக்குத் தப்பிரும். ஒங்களுக்குத் தப்பாதா?"

"தப்பட்டும் நானா. ஒழுங்கா இருக்கிறதை மட்டும்தான் ஆண்டவர் வச்சுக்குவார்னா, என்னை எப்பவோ வீசியிருப்பாரு."

அவர் சிரித்துவிட்டார். "மக ஸ்கூலுக்குப் போயிருக்கா?"

"இல்ல நானா. காய்ச்சல்ல போயிட்டா. அஞ்சு மாசமாகுது."

அவர் நூலை எடுத்தார். அந்தப் பதினொன்றையும் ஒவ்வொன்றாக எனக்குக் காட்டிக் காட்டிக் கோர்த்தார்.

கோவில் நற்கருணை வகுப்பில் இதைக் கோர்த்துக்கொண்டு ஓடிவந்த அன்றைக்கு, "பத்து எண்ணத் தெரியாதாடி?" என்று உன்னைத் திட்டினேன். நீ சிரித்தாய். இப்போது அந்த மாலையிலேயே எனக்கு அழகாகத் தெரிவது அந்தக் கூடிப்போன மணிதான். அதில் உனக்காக ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லுகிறேன்.

ஒன்று கூடச் சொன்னால் மாதா கோபிப்பாரா? படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

சூட்டிம்மா, நீ அன்றைக்கு எண்ணத் தெரியாமலா கோர்த்தாய், இல்லை தெரிந்தேதானா?