திருப்பதியில் முடி வெட்டிக்கொண்ட மிஷனெரி

மிஷன் பங்களாவின் பொறுப்பாளருக்குக் கொசுவலை கட்டுவதும் வெந்நீர் வைப்பதும்தான் வேலை என்று நினைப்பவர்கள், அந்தப் பொறுப்பில் ஒரு வாரம்கூட இருந்து பார்த்ததில்லை. கடல் கடந்து வந்த விருந்தினரை வீட்டில் வைத்துப் பராமரித்த வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் என் கட்சி.

அக்டோபர் மழை தொடங்கியிருந்த ஒரு வியாழக்கிழமை, காலை ஆறு மணிக்குச் சித்தூர் ரயில் நிலையத்தில் மரேன் வந்து இறங்கினாள். டென்மார்க் தேசத்துப் பெண். வயது இருபத்து மூன்று. பொன்னிறக் கூந்தல் இடுப்பைத் தொட்டது. எங்கள் பெண்கள் விடுதியில் ஓராண்டு ஊழியம் செய்து முடித்தால்தான் அவளுடைய சபை அவளை முழுநேர மிஷனெரியாக ஏற்கும். அந்த ஓராண்டைத் தருவதா வேண்டாமா என்பதை நவம்பர் கடைசி ஞாயிறன்று எங்கள் சபைக் கமிட்டி முடிவு செய்யும். அதுவரை அவள் ஒரு தவறும் செய்யாமல் பார்த்துக்கொள்வது, டீச்சராக இருந்து ஓய்வு பெற்றுப் பங்களாவைக் கவனிக்கும் என் பொறுப்பு.

ஐந்தாவது வீடு

புதிதாக வந்த மிஷனெரியை முதல் ஞாயிறன்று சபையார் வீடுவீடாக அழைத்துச் சாப்பாடு போடுவது எங்கள் வழக்கம். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு கவளத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று மரேனிடம் முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன். முதல் வீட்டில் கோழிக் குழம்பை ருசித்தவள் என் அறிவுரையை மறந்தாள். நான்காவது வீட்டில் அவள் முகம் வெளுத்துவிட்டது.

ஐந்தாவது வீடு கமிட்டியின் பொருளாளர் தேவசகாயம் ஐயாவினுடையது. இலை போட்டு, பிரியாணி பரிமாறி, குடும்பமே சுற்றி நின்றது. மரேன் இலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு தான் கற்றிருந்த நான்கைந்து தமிழ்ச் சொற்களில் ஒன்றை எடுத்து, "போதும்" என்றாள். இன்னும் ஒரு பருக்கைகூட அவள் வாய்க்குள் போகவில்லை. ஐயா சிரித்த முகத்தோடுதான் எங்களை வாசல்வரை வழியனுப்பினார். கதவு சாத்தும்போது மட்டும் மனைவியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"நாலு ஊட்ல துன்ன வயிறு, நம்ம ஊட்டுக்கு வந்ததும் ரொம்பிப் போச்சாமா?"

அக்காவின் தலை

விடுதிப் பிள்ளைகளுக்கு மரேனைப் பிடித்துப்போனது. மாலைப் படிப்பு முடிந்ததும் அவள் கூந்தலை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துப் பின்னுவார்கள். அவள் தோளில் சாய்ந்துகொண்டு கதை கேட்பார்கள். இதன் விளைவு என்ன என்பதைப் பெண் பிள்ளைகளை வளர்த்தவர்கள் உடனே ஊகித்திருப்பார்கள். நவம்பர் நடுவில் ஒரு நாள், அவள் அறையைப் பெருக்கச் சொல்லப் போன நான், கண்ணாடி முன்னால் பேன் சீப்பும் கண்ணீருமாக அவள் உட்கார்ந்திருப்பதைக் கண்டேன்.

வார்டன் எஸ்தரிடம் சொல்லி எல்லாப் பிள்ளைகளுக்கும் மருந்து போட்டுவிடலாம் என்றேன். மரேன் என் கையைப் பிடித்துக்கொண்டு, சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள். எஸ்தர் கெட்டவள் அல்ல. ஆனால் பேன் என்ற சொல் காதில் விழுந்தால் கத்தரிக்கோலைத்தான் எடுப்பாள். கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று சடையில் வைக்கப்போகும் பூவைப் பற்றிப் பிள்ளைகள் இப்போதே பேசத் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் பெரியவளான ஒன்பதாம் வகுப்பு மாணவி மரேனிடம் சைகையும் சொல்லுமாகக் கேட்டுக்கொண்டதை, மரேன் கிளிப்பிள்ளைபோல ஓர் எழுத்தும் பிசகாமல் எனக்கு ஒப்பித்தாள்.

"அக்கா, வார்டன் அம்மாவாண்ட மட்டும் சொல்லிடாதீங்க, எங்க எல்லாருக்கும் மொட்டை அடிச்சி உட்ருவாங்க."

புகைப்படத்தில் இருந்த முடி

கமிட்டி கூடுவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மரேனின் தங்கும் அனுமதியைப் பதிவு செய்ய இருவரும் திருப்பதிக்குப் போனோம். அலுவலகத்தில் வரிசை நீளமாக இருந்தது. நான் இடம் பிடித்து உட்கார்ந்தேன். மரேன் சற்று நடந்துவிட்டு வருவதாகச் சொன்னாள். முடியைத் தோள்வரை குறைத்துக்கொண்டால் பேனைச் சமாளிக்கலாம் என்று அவள் எண்ணியிருந்தது எனக்குத் தெரியாது. சித்தூரில் அழகு நிலையம் நடத்துபவள் எங்கள் சபைப் பெண். அவள் சீப்பில் பேன் அகப்பட்டால் மாலைக்குள் எஸ்தருக்குச் செய்தி போய்விடும். ஆகவே மரேன் திருப்பதியைத் தேர்ந்தெடுத்தாள்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு முடிதிருத்தும் கடை. மரேன் கூந்தலை அள்ளிப் பிடித்து, எடுத்துவிடுமாறு கையால் சைகை காட்டினாள். அந்த ஊரில் ஒரு பெண் அப்படிச் சைகை காட்டினால் அதற்கு ஒரே பொருள்தான். கடைக்காரர் பக்தியோடு அவள் தலையில் தண்ணீர் தெளித்து, கத்தியை நடு உச்சியில் வைத்து ஒரே இழுப்பு இழுத்தார். நடுவில் ஒரு பாதை விழுந்துவிட்ட பிறகு மீதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மரேன் கண்ணை மூடிக்கொண்டாள். முடித்துவிட்டு அவர் தலை முழுவதும் சந்தனமும் பூசி அனுப்பினார்.

அந்தத் தலையோடு வர வெட்கப்பட்டுத் தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு, மூன்று மணி நேரம் கழித்து என் முன்னால் வந்து நின்றவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது. எழுத்தர் விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த புகைப்படத்தைப் பார்த்தார், மரேனைப் பார்த்தார், மறுபடி புகைப்படத்தைப் பார்த்தார். பதிவு நடக்காது, கமிட்டிக்கு வேலையே இல்லாமல் போய்விடும் என்று நான் முடிவுக்கு வந்திருந்த வேளையில், அவர் முத்திரையை எடுத்தார்.

"ஃபோட்டோல முடி கீது, ஆள்கிட்ட இல்ல. வேற ஊரா இருந்தா திருப்பி அனுப்பியிருப்பேன், திருப்பதில இது சகஜம், கையெழுத்துப் போடும்மா."

ஜன்னலோர இருக்கை

சித்தூர்ப் பேருந்தில் நிற்க இடமில்லை. சந்தனத் தலையைக் கண்டதும் கூட்டம் வழி விட்டது. நகரியில் தறி ஓட்டும் குடும்பத்தைச் சேர்ந்தவராம், காணிப்பாக்கத்துக்குப் போகும் ஓர் அம்மாள். தம் மகனை எழுப்பிவிட்டு மரேனை ஜன்னலோரமாக உட்கார வைத்தார். வெள்ளைக்காரப் பெண் இவ்வளவு தூரம் வந்து முடி கொடுத்திருக்கிறாளே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மரேன் திருதிருவென்று விழித்தாள். முகம் தெரியாதவர்கள் அவ்வளவு அன்போடு நடத்தும்போது, அது தவறு என்று எந்த மொழியில் எடுத்துச் சொல்வது?

நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அதே பேருந்தில் மூன்று இருக்கைகளுக்கு முன்னால் எங்கள் சபையைச் சேர்ந்த ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். என் கவனமெல்லாம் அங்கே இருந்தது. அந்த அம்மாள் பையிலிருந்து லட்டை எடுத்து, பாதியைப் பிட்டு, மரேனின் உள்ளங்கையில் வைத்தார்.

"நீ குடுத்து வச்சவ பாப்பா, மலைக்குப் போயி வந்த தலைய நாலு பேர் பாத்தாலே புண்ணியம், துன்னு."

கமிட்டி

ஞாயிறு ஆராதனை முடிவதற்குள் செய்தி சபை முழுவதும் பரவிவிட்டது. மிஷனெரி திருமலைக்குப் போய் வேண்டுதல் செலுத்திவிட்டாள், பேருந்தில் பிரசாதமும் சாப்பிட்டாள், பார்த்தவர் இருக்கிறார். கமிட்டி அறையில் ஆயர் தலைமையில் எல்லோரும் அமர்ந்திருந்தார்கள். எஸ்தரும் இருந்தாள். தலையில் துப்பட்டாவோடு மரேன் நின்றாள்.

ஏன் முடியை எடுத்தாய் என்று ஆயர் ஆங்கிலத்தில் மென்மையாகக் கேட்டார். மரேன் எஸ்தரைப் பார்த்தாள், துப்பட்டாவை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். மறுபடி கேட்டார். மறுபடியும் எஸ்தரைத்தான் பார்த்தாள். அவள் ஊருக்குப் போகும் விமானம் என் கண் முன்னால் புறப்பட்டுக்கொண்டிருந்தது. கொடுத்த சத்தியத்தை மீறும் பழக்கம் எனக்கில்லை. மலைக்குப் போகவில்லை என்று சாட்சி சொல்லலாமென்றால், அந்த மூன்று மணி நேரம் அவள் என் கண் எதிரில் இல்லை. பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லும் பழக்கமும் எனக்கில்லை. தெரிந்ததை மட்டும் சொன்னேன்: கடையில் எடுத்ததாக அவள் சொல்கிறாள், அவள் பொய் சொல்பவள் அல்ல.

"டீச்சரம்மா நல்லவங்க, நம்புவாங்க," என்றார் தேவசகாயம் ஐயா. "தரிசனத்துக்குத்தான் ரொம்ப நேரம் ஆவும். முடி குடுத்துட்டு எறங்கி வர்றதுக்கு மூணு அவர் தாராளம்." பிறகு மரேன் பக்கம் திரும்பி, "அங்க டோக்கன் வாங்கிக்கினியா, இல்ல நேரா உட்டாங்களா? சொல்லும்மா," என்றார்.

மரேனுக்கு டோக்கன் என்ற சொல் மட்டும் புரிந்தது. கட்டணம் கேட்கிறார் என்று எண்ணி, தெளிவாக, "இருநூறு ரூபாய்" என்றாள்.

"இருநூறா?" ஐயா நாற்காலியில் நிமிர்ந்தார். "எவன் வாங்கினது? மலைல மொட்டைக்கு ஒத்தப் பைசா கெடையாது. டோக்கனும் பிளேடும் அவங்களே குடுப்பாங்க, காசு கேட்டா கம்ப்ளெயின்ட் பண்ணலாம். இது கீழ எவனோ கடைக்காரன்..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார். எஸ்தர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆயர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, நிதானமாக மாட்டிக்கொண்டு, "இவ்வளவு விவரம் உங்களுக்கு எப்படி, ஐயா?" என்று கேட்டார்.

"தங்கச்சி ஊட்டுக்காரருக்குத் தொணையாப் போனேன், தொணைக்கு மட்டுந்தான். பொண்ணு கடைலதான் எடுத்துக்கினு கீது, ஒரு வருஷம் இருக்கட்டும், அடுத்த விஷயத்த எடுங்க."

முடி எடுத்த கூலி இருநூறை மரேன் கடையிலேயே கொடுத்திருந்தாள், எஸ்தருக்குத் தெரியாமல் பிள்ளைகளுக்கு வாங்கிய பேன் மருந்துக்கு நான் திங்கட்கிழமை காசு கொடுத்தேன், மலைக்குத் துணையாக மட்டும் போய்வந்த தேவசகாயம் ஐயா, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஒரு கம்பளிக் குல்லாயைத் தம் காசில் வாங்கி, விலைச்சீட்டைக் கிழித்துவிட்டு, தலை குளிருமே என்று மரேனுக்குக் கொடுத்தனுப்பினார்.