சபியா மாமியின் சைகோன் ரொட்டி

ரொட்டிக்காரர் எங்கள் எதிர்வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி மணியடித்துக்கொண்டே இருந்தார். எப்போதும் இரண்டாவது மணிக்குக் கதவு திறந்துவிடும். அன்று திறக்கவில்லை. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். கடைசியில் மாமா வெளியே வந்தார். "இனிமே ரொட்டி வேணாம் அப்பு. இப்பத்தான் அவ மௌத்தாயிட்டா" என்றார். மூன்று நாள் காய்ச்சல்தான். சபியா மாமி போய்விட்டார்.

மாமியை நம் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவர் கணவர், என் தாய்மாமா, வியட்நாமின் சைகோனில் ஒரு துணிக்கடையில் பல வருடம் வேலை பார்த்தவர். அங்கேயே மாமியை நிக்காஹ் செய்துகொண்டார். பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஊரைவிட்டுப் போன பிறகு இருவரும் திண்டுக்கல்லுக்கு வந்தார்கள். மாமா தோல் மண்டியில் வேலைக்குச் சேர்ந்தார். மாமி ஐந்து வேளையும் தொழுதார், முப்பது நோன்பும் பிடித்தார். ஆனாலும் நாம் அவரைக் கடைசிவரை 'சைகோன்காரி' என்றுதான் சொன்னோம்.

ஆறாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதன்பின் நான் போகக்கூடிய ஒரே இடம் எதிர்வீடு. அங்கே மாமி தன் ஊர் ரொட்டி செய்வார். கடை ரொட்டியின் மேல் தண்ணீர் தெளித்து, தணலில் வாட்டி, மேல்தோல் மொறுமொறுவென்று ஆனதும் நீளவாக்கில் கீறுவார். உள்ளே முட்டை மஞ்சள் கருவில் எண்ணெய் விட்டு அடித்த களிம்பு, அதன்மேல் அரைத்த ஆட்டு ஈரல். பிறகு காடியில் ஊறிய முள்ளங்கியும் மலையிலிருந்து வரும் கேரட்டும், வெள்ளரித் துண்டு, கீறிய பச்சை மிளகாய், நறுக்காத மல்லித்தழை. "உங்க ஊரு ரொட்டி அழுவுது. எங்க ஊரு ரொட்டி கத்தும்" என்பார். கடிக்கும்போது சத்தம் வரவில்லை என்றால் அது நல்ல ரொட்டி இல்லை. புளிப்பும் காரமும் கொழுப்பும் ஒரே கடியில் வர வேண்டும். ஒன்று முந்திக்கொண்டால் என் கையிலிருந்து பிடுங்கி மறுபடி பிரித்து அடுக்குவார். மாமா சிரிப்பார்: "பொண்டாட்டிய மட்டுந்தான் கூட்டியாந்தேன். வெஞ்சனமும் சேந்து கப்பலேறி வந்துருச்சு."

போன வருடம் என்னைப் பெண் பார்க்க வேடசந்தூரிலிருந்து வந்தார்கள். மாமி அந்த ரொட்டியைத் தானே செய்து தருவதாகச் சொன்னார். பிஸ்மில்லா சொல்லி அறுக்கிற நம் கறிக்கடையில் ஈரலை நான்தான் போய் வாங்கி வந்தேன். அம்மியில் அரைத்ததும் நான்தான். மாப்பிள்ளையின் அம்மா இரண்டு ரொட்டி சாப்பிட்டார். மூன்றாவதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது என்ன கறி?" என்று கேட்டார்.

"ஆட்டு ஈரலுங்க" என்றார் மாமி.

"அரைச்சுட்டா எல்லாம் ஒண்ணுபோலத்தானே இருக்கும். அவுக ஊர்ல பன்னியும் திங்கிறாகளாமே?"

அந்தம்மா என் பக்கம் திரும்பி, "நீ கூடத்தானே இருந்தே, நீயே சொல்லு" என்றார். மாமியும் என்னைப் பார்த்தார். பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண் வாய் திறக்கக் கூடாது என்று காலையிலேயே அம்மா சொல்லியிருந்தார். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்லவில்லை.

"பிள்ளைக்கு வெக்கம். அவளக் கேக்காதீக" என்றார் மாமி. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்தம்மா போகும்போது என் தாடையைத் தொட்டு, "அடக்கமான பிள்ள. எங்களுக்குச் சம்மதம்" என்றார். மாமா பின்னர் வந்து, அது ஆட்டு ஈரல்தான் என்று எல்லோரிடமும் எத்தனையோ சொல்லிப் பார்த்தார். புருஷன் வேறெப்படிப் பேசுவான் என்று விட்டுவிட்டார்கள்.

அதன்பின் நம் தெருவில் யாரும் மாமி கைபட்டதைச் சாப்பிடவில்லை. நோன்பு மாதத்தில் வீட்டுக்கு வீடு தட்டு போகும் அல்லவா? மாமியும் அனுப்பினார். எல்லோரும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டோம். எங்கள் வீட்டில் அம்மா அந்த ரொட்டியை ஆட்டுக்குப் போட்டுவிட்டு, வெறும் தட்டாகக் கொடுக்கக் கூடாதென்று சீனி வைத்துக் கொடுத்தார். அதை எடுத்துப்போனது நான். மாமி ஆசையாகக் கேட்டார்: "கத்துச்சா?"

"கத்துச்சு மாமி" என்றேன்.

நம்பினாரா என்று தெரியவில்லை. சீனியை ஒரு விரலால் தொட்டு வாயில் வைத்துக்கொண்டு, "இனிப்பு" என்று மட்டும் சொன்னார்.

மாமி மௌத்தான மூன்றாம் நாள் யாசீன் ஓத எல்லோரும் வந்திருந்தோம். வேடசந்தூர் அம்மாவும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நல்ல மனுசிதான். என்ன, சாப்பாட்டு விசயந்தான் ஒரு மாதிரி" என்றார். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் வாயைத் திறந்தேன். சொல்லாமல் யாசீன் ஏட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து எனக்கு நிக்காஹ். அது நின்றுபோகுமோ என்ற பயம்தான். வெட்கம் என்று இனியும் அதற்குப் பேர் வைக்க முடியாது.

அதனால்தான் எழுதுகிறேன். அந்த ரொட்டியில் இருந்தது ஆட்டு ஈரல். வாங்கியது நான், அரைத்தது நான், தெரிந்தும் பேசாமல் இருந்ததும் நான். மாமியிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ரொட்டியை அடுக்கத் தெரிந்த கையும், என்னைக் காப்பாற்ற அவர் சொன்ன அந்த ஒரு பேச்சும். இரண்டையும் வைத்துக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இதுவரை எழுதியதை இன்னொரு தாளில் ஒரு வரி விடாமல் பார்த்து எழுதினேன். உறையின் மேல் மாப்பிள்ளை வீட்டு வேடசந்தூர் விலாசத்தை எழுதி, தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டேன். திரும்பி வந்து, எழுதி அனுப்பிவிட்டதை அம்மாவிடம் சொன்னேன்.