மெட்ராஸ் தெருவும் நான் எழுதாமல் விட்டதும்

2004 ஏப்ரலில், டுக்னாட் நாளில்தான் அவரோடு முதன்முதலாகப் பேசினேன். நோர்வேயில், அம்மருட் என்ற புறநகரில் எங்கள் அடுக்குமாடிக்காரர் எல்லோரும் ஒன்றுகூடி முற்றத்தைத் துப்புரவாக்கும் நாள் அது. குளிர்காலத்தில் வழுக்காமலிருக்கப் பாதையில் கொட்டிய சரளைக் கற்களை அவரும் நானும் ஒரே மூலையில் கூட்டிக்கொண்டிருந்தோம். இரண்டாம் மாடியில் தனியாக இருந்த முதியவர். இளமையில் நோர்வேஜியக் கப்பலில் வேலைசெய்து, இங்கே இறங்கி, இந்நாட்டுப் பெண்ணை மணந்து, பின்னர் அவரையும் இழந்தவர். பிறந்த இடத்தைக் கேட்டேன். திரினிடாட்டின் தலைநகரான போர்ட் ஒஃப் ஸ்பெயினில் சென்ற் ஜேம்ஸ் என்ற பகுதி என்றார்.

"நான் பிறந்தது மெட்ராஸ் தெருவிலை. சுத்திவர கல்கத்தா, டெல்லி, லக்னோ எண்டு தெருக்கள். இந்தியா பாக்க எனக்குக் கப்பல் தேவைப்படேல்லைத் தம்பி, ஒரு சோடிச் செருப்புக் காணும்."

நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். இடையிடையே நோர்வேஜியமும் வந்து விழும். ஆனால் எழுத உட்கார்ந்தால் அவர் குரல் எனக்கு எங்கள் தமிழாகவே கேட்கிறது.

அதன்பின் பல சனிக்கிழமைகள் குறிப்புப் புத்தகத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் திகதி, கிழமை, நேரம். அவருக்கு அது பிடித்திருந்தது.

"எல்லாத்தையும் எழுது. என்ர மகளுக்கு அந்த இடத்திலை அக்கறை இல்லை. நான் போனாப் பிறகு இஞ்சை அதைப் பற்றிச் சொல்ல ஒருத்தரும் இல்லை."

சென்ற் ஜேம்ஸ் ஒரு காலத்தில் கரும்புத் தோட்டம். ஒப்பந்தக் கூலிகளாகக் கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறியவர்கள் அங்கே வேலைசெய்தார்கள். தோட்டம் போய்த் தெருக்கள் வந்தபோது, அவற்றுக்கு அந்த ஊர்ப் பெயர்கள் வந்தன. முகர்ரத்தின்போது மூங்கிலாலும் வண்ணக் காகிதத்தாலும் கோபுரம் கோபுரமாகத் தாசியாக்கள் செய்து ஊர்வலம் விடுவார்கள். முஸ்லிம்களின் துக்க நாள்தான். ஆனால் இந்து, கிறிஸ்தவர், கறுப்பர், இந்தியர் எல்லோரும் தெருவில் நிற்பார்கள். சிவப்பும் பச்சையுமான இரண்டு பெரிய பிறைகளை ஆட்கள் தோளில் தூக்கி ஆடுவார்கள். கடைசியில் தாசியாக்களைக் கடலில் விடுவார்கள்.

இதையெல்லாம் அவர் தாயின் வழியாகவே சொன்னார். அந்தத் தாய், நகரின் கிழக்கே உள்ள மலைச்சரிவிலிருந்து வந்த கறுப்பினப் பெண். ஊர்வலம் நின்று போகும் இடங்களில் தாசா மேளங்களின் தோலைத் தீயில் காட்டிச் சூடாக்க வேண்டும். சூடேறினால்தான் ஓசை கூர்மையாகும். அந்தத் தீயை மூட்டியவர் அவர் தாய்.

"மேளகாரர் வந்து அம்மாவிட்டைத்தான் கேப்பினம், காணுமோ எண்டு. அவ தோலிலை விரலாலை ஒரு தட்டுத் தட்டுவா. இன்னும் கொஞ்சம் எண்டா, கொஞ்சம்தான்."

நான் கேட்டேன்: "உங்கடை அப்பாவின்ர ஆக்கள் சென்னையிலை கப்பலேறினது எந்த வருசம்?"

அவருக்குத் தெரியவில்லை. தகப்பன்வழி முன்னோர் ஒருவர் மெட்ராசிலிருந்து வந்தவர் என்பது மட்டும் தெரியும். அடுத்த சனிக்கிழமையும் அதையே கேட்டேன்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு நான்கு பக்கம் எழுத ஒப்புக்கொண்டிருந்தேன். தலைப்பு: 'கரீபியக் கரையில் ஒரு தமிழர் தெரு'. கணினியின் முன் இருந்தபோது மனைவி தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தாள்.

"இஞ்சாருங்கோ, அந்த மனுசன் தாயைப் பற்றித்தானே கதைகதையாச் சொன்னவர் எண்டியள். அவவை எங்கை?"

"அவ தமிழ் இல்லையப்பா. இது தமிழரின்ர மலர்."

"உங்களுக்கு வடதுருவத்துக்குப் போனாலும் அங்கை ஒரு தமிழன் ஆப்பிடவேணும்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனாள்.

தெருப் பெயரும், பெயர் தெரியாத ஒரு முன்னோரும், கப்பல்களைப் பற்றி நூலகத்தில் வாசித்தவையுமாக நான்கு பக்கம் நிரம்பியது. மலர் வந்ததும் அவரிடம் ஒரு பிரதி கொண்டுபோனேன். வாசித்துக் காட்டச் சொன்னார். வரிவரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் பக்கத்தைப் புரட்டி, அடுத்ததில் வேறொருவர் படத்தோடு வேறு கட்டுரை இருப்பதைப் பார்த்தார்.

"அம்மா வரேல்லையோ?"

இடம் போதவில்லை என்றேன். பொய். அவர் எழுத்துகளைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ர தெருவிலை பாதிச் சனத்தை வீட்டை அனுப்பிப்போட்டாய், தம்பி."

அடுத்த முறை முழுவதையும் எழுதுவேன் என்றேன். தலையாட்டினார். அடுத்த சனிக்கிழமை போனேன். தேநீர் தந்தார், லிஃப்ட் பழுதானதைப் பற்றிப் பேசினார். தாயைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் பழைய கதை" என்று எழுந்து யன்னலைத் திறந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருக்கலாம்.

2006 இலையுதிர்காலத்தில் மகள் வந்து அவரைத் தன் நகரத்துக்கு அழைத்துப்போனார். நான் வேலையில் இருந்தேன். வீடு காலியானதை அறிவித்தல் பலகையில்தான் பார்த்தேன்.

அந்தத் தாயைப் பற்றி என் குறிப்புகளில் இருப்பது மூன்று வரி. மலைச்சரிவு, தீ, விரலால் ஒரு தட்டு. அவர் பெயரை மகன் ஒருமுறையாவது சொல்லியிருப்பார். நான் எழுதிக்கொள்ளவில்லை.