மான் சுமக்க ஒரு பை

என் மனுசன் மான் வேட்டைக்குப் போகிறவர். எழுபது வயது தாண்டியும் அந்த ஆசை விடவில்லை. மலைக்குள் சுட்ட மானை அங்கேயே வெட்டிப் பிரித்து, ஆளுக்கொரு பங்காக முதுகில் சுமந்து, வாகனம் நிற்கிற இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். போன முறை இவரால் முடியவில்லை. இவருடைய பங்கையும் கூட்டாளிமார் சுமந்தார்கள். இனிமேல் கூடாரத்தில் நின்று சமைத்தால் போதும் என்று அன்பாகத்தான் சொன்னார்கள். இவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பிழை பழைய பையில்தான் என்றார். புதுப் பை வாங்க நானும் போனேன். நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள்தான். ஆனால் நான் பார்த்துச் சரி சொல்லாத பொருள் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. வழியில் பென்டில் ஹில் தமிழ்க் கடையில் வாங்கிய அரிசி மூட்டை காரில் கிடந்தது. அதையும் பை விற்கிற கடைக்குள் தூக்கிவரச் சொன்னேன். வெறும் பையை மாட்டிப் பார்த்து என்ன தெரியும்? கடையில் நின்ற பிள்ளை சிரித்தாள், மறுக்கவில்லை.

இவர் எடுத்தது இருந்ததிலேயே பெரிய பை. அரிசியை வைத்து மாட்டியதும் முன்னுக்கு வளைந்துபோனார். பாரம் தோளில் அல்ல, இடுப்பெலும்பில் நிற்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை பையின் இடுப்புப் பட்டியை ஏற்றிக் கட்டிவிட்டாள். அவள் திரும்பியதும் இவர் அதை வயிற்றுக்குக் கீழே இறக்கினார். அவள் மறுபடி ஏற்ற, இவர் மறுபடி இறக்கினார். எனக்கு விளங்கிவிட்டது. வாழ்நாள் முழுக்க உடுத்த சாரத்தைக் கட்டிய இடத்திலேயே இவருடைய கை போய் நிற்கிறது.

"இஞ்சாருங்கோ, அது சாரமில்லை. மேலே கட்டுங்கோ."

"வயிறு தள்ளிக்கொண்டு தெரியும்."

"மானோ உங்கட வயித்தைப் பாக்கப்போகுது?"

பட்டி ஏறியது. ஆனால் பை இவருடைய முதுகைவிட நீளமாக இருந்து, அடியில் இடித்தது. முதுகு குட்டையானவர்களுக்குத் தோதாக இருக்கும் என்று அந்தப் பிள்ளை வேறொன்று கொண்டுவந்தாள். அது பெண்களுக்கென்று செய்த பை. இவருடைய முகம் சுருங்கிவிட்டது. கூட்டாளிமார் சிரிப்பார்கள் என்றார்.

"உங்கட பங்கை நீங்களே சுமந்துகொண்டு வந்தா ஆர் சிரிக்கிறது?" என்று கேட்டேன்.

பையை எடுத்து மாட்டினார். அரிசியோடு கடையைச் சுற்றி நடந்தார். ஆள் வளையவில்லை. அதையே வாங்கினோம்.

வேட்டை முடிந்து வந்த பின்னேரம் வாசலில் வாகனம் நின்ற சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன். மலையிலிருந்து தன் பங்கை இவரே இறக்கினார் என்று கூட்டாளி சொன்னார். குளிர்பெட்டியில் வந்த இறைச்சியை வாசலில் மறுபடி பைக்குள் வைத்து, முதுகில் போட்டுக்கொண்டு நின்றார் என் மனுசன். குசினிக்குள் கொண்டுவரச் சொன்னேன்.

"கொஞ்சம் பொறும். முதல் பாரும்" என்றார்.

பார்த்தேன். அவசரப்படாமல் பார்த்தேன்.