அம்சவல்லி வயல் வழியாக ஒரு ‘அட்ஜஸ்ட்’

அறுவடை மிஷின் ஏஜெண்டு தொழிலில் டீசலைவிட அதிகமாகச் செலவாகிற சரக்கு ஒன்று உண்டு. ‘அட்ஜஸ்ட்’ என்கிற இங்கிலீஷ் சொல்தான் அது. பஸ்ஸில் மூணு பேர் சீட்டில் நாலாவதாக ஒண்டினவர்கள், கல்யாணப் பந்தியில் அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் இதால் அடிபட்டிருப்பீர்கள். அதனால் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

எனக்குக் குடவாசல் பக்கம். தை பிறந்தால் சேலம் பக்கத்திலிருந்து நெல் அறுக்கிற மிஷின் லாரியில் வந்து இறங்கும். யார் வயலுக்கு எப்போது என்று முறை வைத்து அனுப்புவது என் வேலை. எல்லாரும் முதல் ஆளாக அறுக்கணும். மிஷினோ ஒன்றுதான். மிச்சத்தை அந்தச் சொல் பார்த்துக்கொள்ளும். இந்த வருஷம்தான் அதுவும் என்னைக் கைவிட்டது.

பனி காய்கிற வரைக்கும்

காலை ஆறு மணிக்கே போன் அடிக்கும். “மிஷின் கிளம்பிருச்சா?” என்பார்கள். பனி ஈரத்தோடு அறுத்தால் பாதி நெல் வைக்கோலோடு போய்விடும் என்று பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஆனால் சொந்த வயல் என்றால் அது மட்டும் மறந்துபோகும். டிரைவர் செந்தில் பத்து மணிக்கு முன்னால் சாவியைத் தொடமாட்டான்.

“கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்று ஒருத்தருக்குச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த போன் வந்துவிடும். அன்றைக்கு எட்டு மணிக்குள் பதினோரு தடவை சொல்லிவிட்டேன். மிஷின் நிழலில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்த செந்தில் சொன்னான்: “அண்ணே, பனி காயறதுக்குள்ள உங்க நாக்கு காஞ்சிரும். போயி டீயைக் குடிங்க.”

வாத்தியார் போட்ட பட்டியல்

எங்கள் ஊரில் ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் இருக்கிறார். அவருக்கு ரெண்டு ஏக்கர். கதிர் முற்றித் தலை சாய ஆரம்பித்துவிட்டது. திங்கட்கிழமை முறை புதன்கிழமைக்குத் தள்ளிப்போச்சு. நேரில் போய், “சார், நீங்கதான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்” என்றேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தார். விரலை மடக்கினார். “கண்டக்டர் சொன்னா நகர்ந்து உட்காருன்னு அர்த்தம். மாமியார் சொன்னா வாயை மூடிக்கிட்டுப் பொறுத்துக்கோன்னு அர்த்தம். கடைக்காரன் சொன்னா சில்லறை கிடையாது, மிட்டாய் எடுத்துக்கோ. சம்பந்தி வீட்டுக்காரன் சொன்னா நகையில கொஞ்சம் குறையும். கரண்ட் ஆபீஸ்ல சொன்னா விசிறியைத் தேடு.” அஞ்சு விரலும் மடங்கியாச்சு. அந்த முஷ்டியை என் மூக்குக்கு நேரே நீட்டினார்: “நீ இதுல எதைச் சொல்றேன்னு முதல்ல சொல்லுப்பா. அதுக்குத் தகுந்த மாதிரி நான் கோபப்படணும்.”

வாசல் வயல்

கதை இனிமேல்தான் இருக்கிறது. வாத்தியார் வயலும் இன்னும் ஆறு பேர் வயலும் உள்ளே இருப்பவை. ரோட்டிலிருந்து அங்கே இறங்க ஒரே வழி அம்சவல்லியின் வயல். புருஷன் இல்லாதவள், ஒரு மா நிலம், அதாவது ஏக்கரில் மூணில் ஒரு பங்கு. வருஷத்துச் சோறே அதில்தான். உள்ளே எல்லாம் பொன்னாகக் கிடக்க, அவள் பயிர் மட்டும் பச்சை. இன்னும் பத்து நாள் ஆகும். போனில் எல்லாரும் மழை மழை என்கிறார்கள். பச்சைக் கதிரில் விட்டால் மிஷின் அடைத்துக்கொள்ளும் என்று செந்தில் முறுக்கிக்கொண்டான்.

ஏழு பேரும் என்னை முன்னால் தள்ளிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார்கள். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கோவிந்து, உள் வயல்காரர்களில் பெரிய கை, “அம்சா, ஊருக்காகக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா” என்றார். அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. “நடவப்ப உங்க டிராக்டர் உள்ளே போகணும்னு என்னைக் கடைசியா நடச் சொன்னீங்க. இப்ப மிஷின் உள்ளே போகணும், முதல்ல அறுங்கிறீங்க. நடுவுல என் நெல்லு எப்பதான்ணே முத்துறது?”

ஏழு அருவாள்

அவளே ஒரு வழியும் சொன்னாள்: வரப்போரமாக ஒன்பது அடி அகலத்துக்கு வழி தருகிறேன். ஆள் வைக்காமல் நீங்களே அருவாள் பிடித்து அறுக்கணும். அறுத்த பச்சை என் மாட்டுக்கு. ஆளுக்கு ஒரு மூட்டை முற்றின நெல் எனக்கு. மேகத்தைப் பார்த்தார்கள், ஒத்துக்கொண்டார்கள்.

மறுநாள் ஏழு பேரும் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார்கள். அருவாள் பிடித்து எத்தனை வருஷமோ. வாத்தியார் ரெண்டு பிடி அறுத்துவிட்டு இடுப்பில் கைவைத்து வானத்தைப் பார்ப்பார். அம்சவல்லி வரப்பில் நின்று, “சார், இன்னும் தாழ அறுங்க, மாடு வையும்” என்பாள். மிஷின் ரோட்டில் சும்மா நின்றது. செந்தில் அதன்மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தான். கோவிந்துவின் மகன் சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் வந்து, “அப்பா, மிஷின்ல அறுக்கிறதாத்தானே சொன்னீங்க? என்ன குனிஞ்சுக்கிட்டு நிக்கிறீங்க?” என்று கேட்டான். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: “மிஷின் வருதுடா. அதுக்கு நாங்கதான் மெத்தை விரிச்சுக்கிட்டிருக்கோம்.”

பிணையில் இருந்த வண்டி

எனக்கும் ஒரு நிபந்தனை வைத்திருந்தாள்: அவள் பயிர் முற்றினதும் மிஷினை நான் திரும்பக் கூட்டி வரணும். உள் வயல் முடிந்ததும் மிஷின் அடுத்த ஊருக்குப் போய்விடும். ஒரு மாவுக்காக எந்த டிரைவரும் திரும்பி வரமாட்டான். இந்தக் காலத்தில் அவ்வளவு சின்ன இடத்துக்கு அறுப்பு ஆளும் கிடைக்காது. நான் நெஞ்சில் அடித்து, “கூட்டிக்கிட்டு வர்றேம்மா” என்றேன். அவள் என் மொபெட் சாவியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஏழு வயலும் முடிந்த மறுநாள் காலை மழை இறங்கியது. மிஷின் பட்டுக்கோட்டைப் பக்கம் போய்விட்டது. வண்டி இல்லாமல், அறுப்பு பிடிக்க நான் குடையோடு ஊர் ஊராக நடந்தேன். மழையில் அவள் பயிர் ஒரு மூலை சாய்ந்ததைப் போகும்போதும் வரும்போதும் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள், முந்தானை முடிச்சை இறுக்கிக்கொண்டாள். செந்திலுக்குப் போன் போட்டால், “ஒரு மாவுக்கு லாரி ஏத்தணுமாண்ணே? அட்ஜஸ்ட் பண்ணுங்க” என்று எனக்கே பாடம். கடைசியில், சீர்காழியில் அவனுக்கு நான் பிடித்து வைத்திருந்த இருபது ஏக்கரை வேறு மிஷினுக்குக் கொடுத்துவிடுவேன் என்றேன். பதினோராம் நாள், சீர்காழி போகிற வழியில் இங்கே மிஷினை இறக்கினான். அரை மணி நேரத்தில் அறுத்துக் கொட்டியாச்சு. சாய்ந்த மூலையில் மட்டும் கொஞ்சம் நஷ்டம், மற்றதெல்லாம் நல்ல மணி.

அம்சவல்லி ஒரு பிடி நெல்லை அள்ளிக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அவள் வாசலில் நின்ற என் வண்டியைப் போய்ப் பார்த்தால், கால் வைக்கிற இடத்தில் வைக்கோல், அதன்மேல் கோழி. “நேத்துதான் அடைக்கு உட்கார்ந்துச்சுண்ணே, இருபத்தொரு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.”

இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் சும்மா அள்ளிக் கொடுத்த அந்தச் சொல் எத்தனை கிலோமீட்டர் நீளம் என்பதை, இந்த வருஷம் அறுவடையில்தான் செருப்புத் தேய நடந்து அளந்தேன்.