கடைசி பஸ் பெஞ்சும் நூறு சதவீத போர்டும்

எங்கள் பத்தாம் வகுப்பு 'சி' பிரிவில் பிள்ளைகள் உயரத்தைப் பார்த்து உட்கார்வதில்லை, மார்க்கைப் பார்த்தும் உட்கார்வதில்லை. பஸ்ஸைப் பார்த்து உட்கார்வார்கள். சாயங்காலம் யாருடைய பஸ் முதலில் கிளம்புமோ அவளுக்குக் கதவோரம். குஜிலியம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகள் வாசலை ஒட்டி, கடைசி பீரியடில் பையை மடியில் வைத்தபடியே இருப்பார்கள். அடுத்து நத்தம் ரோட்டுப் பிள்ளைகள். சின்னாளபட்டிக்கு எந்நேரமும் வண்டி உண்டு என்பதால் தறிக்கார வீட்டுப் பிள்ளைகள் நடுவில். பேகம்பூரிலிருந்து நடந்து வருகிறவர்களும் கடைசி பஸ்ஸுக்குப் போகிறவளும் உள்ளே, ஜன்னலோரம். இதை யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. நான் கணக்கு டீச்சராக இங்கே வந்தபோதே இப்படித்தான் இருந்தது. மற்றவள் காலை மிதிக்காமல் ஓடுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்கும் தோன்றவில்லை.

எங்களுடையது அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி. ஊரில் இருக்கும் சில தனியார் பள்ளிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும், பத்தில் தேறமாட்டாள் என்று தோன்றுகிற பிள்ளையின் அப்பாவைக் கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்து உபசரித்து, கையில் டி.சி.யையும் கொடுத்து விடுவார்கள். அவர்களுடைய நூறு சதவீதம் பத்திரமாக இருக்கும். சலித்த பிறகு சல்லடையில் நிற்பதெல்லாம் ஜூன் மாதம் எங்கள் வாசலுக்கு வந்து சேரும். எனக்கு இதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

அப்படித்தான் அந்த ஜூனில் ஒருத்தி வந்தாள். பேகம்பூரில் சின்னதாகச் செருப்புக் கடை வைத்திருப்பவரின் மகள். பழைய பள்ளியில் இங்கிலீஷ் மீடியம். வகுப்புக்குள் நுழைந்தவள் யாரையும் கேட்காமல் நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்மா அங்க போற?" என்றேன்.

"ஃபெயில் மார்க்னா லாஸ்ட் பெஞ்ச்தானே மிஸ்?"

வகுப்பே சிரித்தது. "அது அந்த ஸ்கூலு வழக்கம். இங்க மார்க்கெல்லாம் கேக்க மாட்டோம். ஒன் பஸ் எது, அதச் சொல்லு" என்றேன்.

"நடந்துதான் வருவேன் மிஸ். அத்தா கடை பக்கத்துலதான்."

ஜன்னலோரம் கடைசி பஸ்காரி ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். வத்தலக்குண்டு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் மல்லிகைக் காட்டுக் கிராமத்துப் பெண். விடியும் முன்னே அம்மாவோடு மொட்டுப் பறித்துவிட்டு, அப்புறம் குளித்து பஸ் பிடித்து வருகிறவள். கணக்கு அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. இங்கிலீஷ் என்றால் மட்டும் வேப்பங்காய். புதியவளுக்கோ இங்கிலீஷ் வாயில் நடமாடும், கணக்குப் புத்தகத்தைத் திறந்தாலே கை வேர்க்கும்.

சாயங்காலம் எல்லா பஸ்ஸும் போன பிறகு, கடைசி பஸ் வரும்வரை அந்த இருவர் மட்டும் ஜன்னலோரம் இருப்பார்கள். ஒருத்தி நடந்தே வீட்டுக்குப் போய்விடலாம், ஆனாலும் போகமாட்டாள். ஒருநாள் வராந்தாவில் போகும்போது காதில் விழுந்தது.

"ஏ புள்ள, எக்ஸப் பாத்து எதுக்குப் பயப்படுற? அது யாருன்னு தெரியாத ஆளு, அம்புட்டுத்தான். விசாரிச்சா வந்துரப் போகுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் அந்த வாக்கியத்தை என் பாடத்தில் நானே எடுத்து ஓட்டிக்கொண்டேன்.

அரையாண்டுத் தேர்வு வந்தது. பேகம்பூர்ப் பிள்ளைக்குக் கணக்கில் இன்னும் பாஸ் மார்க் எட்டவில்லை. அதே சமயத்தில் எங்கள் தலைமையாசிரியை ஒரு காரியம் செய்துவிட்டிருந்தார். ரிசல்ட் அன்று எல்லாப் பள்ளியும் பிளக்ஸ் கடையில் முண்டியடிக்கும். முந்தின வருஷம் எங்கள் போர்டு வந்து சேர்ந்தபோது அதைப் பார்க்கப் பள்ளியில் காவலாளியைத் தவிர யாரும் இல்லை. அதனால் இந்தமுறை முன்கூட்டியே அடித்து வாங்கிவிட்டார். 'பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி.' வருஷம் மட்டும் போடவில்லை, அது அவருடைய முன்யோசனை. பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைத்தாயிற்று. பிளக்ஸ் சுருட்டியபடி ஸ்டாஃப் ரூம் பீரோ மேல் ஏறிக்கொண்டது.

"டீச்சர், அந்தப் புதுப் பிள்ளைய பேசாம துணைத்தேர்வுல எழுதச் சொல்லலாமா?" என்று என்னிடம் மெதுவாக ஆரம்பித்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அந்த ஸ்கூல்காரங்க செஞ்சதத்தான் நாமளும் செய்யணும்னா, நடுவுல நாம எதுக்குங்கம்மா?" என்றேன்.

அவர் பீரோ மேல் ஒரு பார்வை பார்த்தார். "சரி, எழுதட்டும். ஆனா பிளக்ஸ் உங்க பொறுப்பு" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வருவதும் பிரியம் வருவதும் பெரும்பாலும் ஒரே நாளில்தான்.

பிளக்ஸ் விஷயம் எந்தப் பள்ளியில்தான் மறைந்திருக்கும்? விடைத்தாள் கட்டைத் தூக்கி வந்த அந்தப் பிள்ளை பீரோவை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மிஸ், நான் எழுதலைன்னா அது கரெக்டா இருக்கும்ல?"

எனக்கு வருத்தம் வந்தால் திட்டத்தான் தெரியும். "வாய மூடிட்டுப் போய் கணக்கப் போடு" என்று விரட்டினேன். போனாள். அன்று முதல் பொதுத்தேர்வு வரை ஜன்னலோர பெஞ்சில் வாயை மூடாமல் கணக்கு நடந்தது.

ரிசல்ட் அன்று ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டரைச் சுற்றி நாங்கள் எல்லோரும் நின்றோம். முதலில் அவள் நம்பரைத்தான் போடச் சொன்னேன். கணக்கில் பாஸ்! நான் போட்ட சத்தத்தில் தெருவில் போன ஆள் எட்டிப் பார்த்தார். மற்ற எல்லா நம்பரும் பாஸ், பாஸ் என்றே வந்தன. கடைசியாகப் பூக்காட்டுப் பெண்ணின் நம்பர். கணக்கில் வகுப்பிலேயே முதல் மார்க். இங்கிலீஷில் கோட்டை விட்டுவிட்டாள்.

எல்லோருடைய கண்ணும் பீரோ மேல் போய் வந்தது.

அந்நேரம் பார்த்து பேகம்பூர்ப் பிள்ளை ஜாங்கிரி டப்பாவோடு வந்தாள். செய்தி அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. கண் வீங்கியிருந்தது. டப்பாவைத் திறக்கவில்லை.

"டீச்சர்," என்றாள். அதுவரை நான் அவளுக்கு மிஸ்தான். "அவளுக்கு டி.சி. குடுத்துருவீங்களா?"

தலைமையாசிரியை சட்டென்று எழுந்தார். நாற்காலியைப் போட்டு ஏறி, பிளக்ஸை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"யாருக்கு டி.சி. குடுக்குறது? வகுப்புக்கெல்லாம் வெள்ளையடிக்கிறாங்க, உள்ள ஒக்கார முடியாது. வேப்பமரத்துக்கும் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் நடுவுல இத இழுத்துக் கட்டு. நாளையிலேருந்து அவ அதுக்குக் கீழதான் இங்கிலீஷ் படிக்கணும். நீயும் வரணும்."

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது சரிதான். மே மாத வெயிலுக்கு அந்த பிளக்ஸ் நல்ல பந்தலாயிற்று. எழுத்து கீழே பார்க்கும்படி கட்டிவிட்டதால், பள்ளியிலேயே ஃபெயிலான ஒரே பிள்ளையின் தலைக்கு நேர் மேலே 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று இருந்தது. முதல் நாள் தலையைக் குனிந்தே வந்தவள், படிக்கச் சோம்பல்பட்டு அண்ணாந்தபோது அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். இங்கிலீஷ் டீச்சரும் சிரித்தார். அதற்கப்புறம்தான் பாடம் ஏறியது. பேகம்பூர்ப் பிள்ளை ஒரு நாள் தவறவில்லை. "கிராமர் என்ன, யாருன்னு தெரியாத ஆளுதானே, விசாரி" என்று அவள் பாடத்தை அவளுக்கே திருப்பிப் படித்துக்கொண்டிருந்தாள்.

துணைத்தேர்வு ரிசல்ட் வந்த அன்று பந்தலை அவிழ்த்தோம். வெயிலில் நிறம் பாதி போயிருந்தது, ஓரமெல்லாம் வேப்பம்பழக் கறை. துணைத்தேர்வில் தேறியது நூறு சதவீதக் கணக்கில் சேருமா என்று யாரோ இழுத்தார்கள். தலைமையாசிரியை காதில் போட்டுக்கொள்ளாமல் கேட்டில் கட்டச் சொல்லிவிட்டார். தோழிகள் இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் கட்டினார்கள்.

கை நிறைய மல்லிகைச் சரத்தோடு அந்தப் பெண்ணின் அம்மா வந்தார். கேட்டை அண்ணாந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இம்புட்டுப் பெரிய போர்டா எம் பொண்ணுக்கு?"

நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். தலைமையாசிரியை என் கையை அமுக்கினார்.

"ஆமாத்தா, அவளுக்குத்தான்."

அந்த அம்மா சரத்தை எடுத்து போர்டுக்குச் சாத்தினார். நினைத்துப் பார்த்தால் அதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் பாஸாகும் வரைக்கும் அது வெறும் பந்தலாகத்தானே இருந்தது.