எதிராளிக்காகப் பேசச் சொன்னவர்

எடிட்டிங் அறையில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தேன். வேதியியல் ஆய்வக உதவியாளர் ஏழுமலை கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். உதடு அசைவது தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை. ஹெட்போனைக் கழற்றினேன். "ஜமீலா மேடம் பூட்டாங்க மேடம். காலையில நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிகினே சாஞ்சிட்டாங்களாம்" என்றார். முந்தின நாள் மாலைதான், அடுத்த வகுப்பை யார் தொடங்குவது என்று அவரோடு மல்லுக்கட்டியிருந்தேன்.

பூந்தமல்லிப் பக்கத்து எங்கள் கல்லூரியில் படித்த, வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவர் வேதியியல், நான் ஊடகவியல். முரண்பாட்டுத் தீர்வு என்று ஒரு பொதுப் பாடம் வந்தபோது எந்தத் துறையும் அதைத் தொடவில்லை. கடைசியில் எங்கள் இருவர் தலையில் கட்டினார்கள். எனக்கு ஒரே எரிச்சல். அவருக்கோ கொண்டாட்டம். "சண்டைன்னா எனக்கு அத்துப்படி விஜி. எங்க ஊட்ல வந்து பொறந்து பாரு, தெரியும்" என்று சிரித்தார்.

பாடப்புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு விதியோடு வகுப்பை நடத்தினார். சண்டை போட்டவர் எழுந்து தன் நியாயத்தைச் சொல்லக் கூடாது, எதிராளியின் நியாயத்தைச் சொல்ல வேண்டும். எதிராளி "ஆமா, அதான்" என்று ஒப்புக்கொள்ளும்வரை உட்காரக் கூடாது. இதெல்லாம் ஒரு பாடமா என்று முதல் வாரம் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

என் துறை மாணவன் பிரவீன், பயிற்சிக்காக வேதியியல் ஆய்வகத்தைப் படம் பிடிக்கப் போனான். அங்கே சென்னீர்குப்பத்து தினேஷ், பியூரெட் குழாயிலிருந்து காரத்தைக் கொஞ்சம் அதிகமாக விட்டுவிட்டான். லேசான ரோஜா நிறத்தில் நிற்க வேண்டிய கரைசல் பளீரென்று சிவந்துவிட்டது. செய்முறை வீணாகிப் பையன் கண்கலங்கி நின்றதை பிரவீன் பாட்டோடு சேர்த்து இணையத்தில் போட்டுவிட்டான். கல்லூரியே சிரித்தது. தினேஷ் கேமராவைப் பிடுங்கித் தரையில் அடித்தான். இருவரையும் வெளியே அனுப்பும் நிலைமை வந்தபோது மேடம்தான் கெஞ்சி வகுப்புக்குக் கூட்டிவந்தார்.

"இன்னாத்துக்கு மேடம் அவனுக்காக நான் பேசணும்?" என்று தினேஷ் முறைத்தான்.

"அவனுக்காக இல்லப்பா. அவன் நியாயம் உனக்குப் புரியுதான்னு பாக்கத்தான்."

தினேஷ் சொல்லச் சொல்ல பிரவீன் தலையை ஆட்டி மறுத்தான். மேடம் அவசரப்படவே இல்லை. கடைசியில் தினேஷ் குரலை இறக்கினான். "அவன் எடுத்த மொத வீடியோ அது. நாலு பேரு பாத்தா போதும்னு போட்டுட்டான். நான் அழுவுறத அவன் பாக்கவேயில்ல. ஃபோகஸ் கரெக்டா கீதான்னு மட்டுந்தான் பாத்துகினு இருந்தான்."

பிரவீனின் முகம் தொங்கிப்போனது. "ஆமா மச்சான், அதான்" என்றான். அன்றோடு நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதை விட்டேன்.

அன்று மாலை ஆய்வகத்தில் அவரைக் கிண்டல் செய்தேன். "உங்க வீட்லயும் இந்த விதிதானா மேடம்?" சிரிப்பார் என்று நினைத்தேன். கையிலிருந்த குடுவையைக் கீழே வைத்துவிட்டு, தங்கை ரஷீதாவைப் பற்றிச் சொன்னார். அம்மா இறந்தபோது ரஷீதா கோயம்புத்தூரில் இருந்தார். வந்துகொண்டிருக்கிறேன் என்று வழியெல்லாம் போன் செய்தபடி இருந்திருக்கிறார். இதற்கு மேல் உடலை வைத்திருக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்ல, மூத்த மகளான மேடம் "எடுங்க" என்றிருக்கிறார். தங்கை வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அதோடு பேச்சு நின்றுபோனது. பிறகு ரஷீதா குடிவந்ததும் இதோ இருக்கும் வானகரத்துக்குத்தான். அக்கா பூந்தமல்லியில், தங்கை வானகரத்தில், நடுவே ஒரு பஸ் தூரம்.

அதற்கப்புறம் அவ்வப்போது என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, "நீதான் ரஷீதான்னு வச்சுக்க" என்பார். என்னைப் பார்த்துத் தங்கையின் நியாயத்தைச் சொல்லிப் பழகுவார். "அம்மா முகத்தப் பாக்கலங்கறது மட்டுமில்ல உன் கோவம். சின்னவதானே, வந்தா வர்றா, வராட்டிப் போறான்னு அக்கா நினைச்சிட்டாளேன்னுதான். நான் அப்படித்தான் நினைச்சேன் ரஷீதா." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்ப்பார். "ஆமா, அதான்" என்ற அந்த இரண்டு வார்த்தையை ரஷீதாவுக்குப் பதிலாக நான் எப்படிச் சொல்வது? "வானகரத்துக்குப் போங்க மேடம்" என்பேன். "செமஸ்டர் முடியட்டும் விஜி" என்பார். எத்தனையோ செமஸ்டர் முடிந்தது.

ஏழுமலை சொன்னதும் நேரே அவர் வீட்டுக்குத்தான் ஓடினேன். மகன் அன்வரிடம் முதலில் கேட்டது, "சின்னம்மாவுக்குச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். இப்பத்தான் போன எடுத்தாங்க, வந்துகினு கீறாங்க. பைபாஸ்ல டிராஃபிக்காம். சாயங்காலம் அஸர் தொழுகையோட எடுத்துடணும்னு பெரியவங்க சொல்றாங்க ஆன்ட்டி."

"எடுக்காத அன்வர். உங்கம்மாவுக்காகச் சொல்றேன், அவங்க வர்ற வரைக்கும் எடுக்காத." அவன் என்னைப் பார்த்தான், பிறகு பெரியவர்களிடம் போய் நின்றான். கொஞ்ச நேரம் முணுமுணுப்பு கேட்டது. பொழுது சாய்ந்ததும் மஃரிப் தொழுகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

ரஷீதா வந்தார். அழவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து நான் யாரென்று சொன்னேன். பிறகு, ஆய்வகத்தில் எனக்கு முன்னால் மேடம் சொல்லிப் பழகியதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். "நான் அப்படித்தான் நினைச்சேன் ரஷீதா" என்பதையும் சொன்னேன்.

வகுப்பையோ விதியையோ அறியாத அந்தப் பெண் தலையசைத்தார். "ஆமா, அதான்" என்றார். உடனே குரல் வெடித்தது. "இத அவளே வந்து சொல்லக் கூடாதா? நான் இங்கதானே இருந்தேன்!"

மேடம், உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரே விதிதான். திங்கட்கிழமை தனியாக வகுப்பைத் தொடங்கியபோது அதோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டேன். சம்பந்தப்பட்டவரிடமே போய்ச் சொல்ல வேண்டும், அதுவும் இந்த செமஸ்டர் முடிவதற்குள். நீங்கள் எப்போதும் உட்காரும் நாற்காலியைப் பார்த்துத்தான் சொன்னேன்.